விலையைவிட முக்கியமானவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ஓவியர் ழான் மிஷேல் பாஸ்கியாவைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அவரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால், 1982-இல் அவர் வரைந்த மண்டையோட்டு ஓவியம் ஒன்று 2017 மே மாதம் நியூயார்க்கில் 11 கோடியே 5 லட்சம் டாலருக்கு ஏலம் போன செய்தியே கட்டுரையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. ஆயில் ஸ்டிக் (குச்சி வடிவிலான எண்ணெய் வண்ணம்), அக்ரிலிக், ஸ்பிரே வண்ணம் ஆகியவற்றால் அது வரையப்பட்டது என்பதற்கு ஒரு வரி கூட ஒதுக்கப்படவில்லை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் குறையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். வறுமையில் பிறந்து, படிப்பறிவின்றித் தெருவில் கிறுக்கித் திரிந்தவர் என்று கட்டுரை அவரைச் சித்திரிப்பது சரியன்று. பாஸ்கியா 1960-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அவருடைய தந்தை ஹெய்ட்டியிலிருந்து வந்த கணக்கர். தாய் புவெர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர். மகனைச் சிறு வயதிலேயே அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் சென்றவர் அந்தத் தாய்தான். 1968-இல் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தபோது கார் மோதி, மண்ணீரல் அகற்றப்பட்டு மருத்துவமனையில் கிடந்த சிறுவனுக்கு அவர் உடற்கூறியல் நூல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பிற்காலத்தில் அவருடைய ஓவியங்களில் எலும்புகளும் உறுப்புகளும் பெயர் குறிக்கப்பட்டுத் திரும்பத் திரும்ப வருவதற்கு அந்தப் படுக்கையே தொடக்கம்.

வீட்டைவிட்டு அவர் வெளியேறியது பின்னர் நடந்தது. நண்பர் ஆல் டியாஸுடன் சேர்ந்து ‘சேமோ’ என்ற புனைபெயரில் மன்ஹாட்டன் சுவர்களில் எழுதிய வாசகங்கள் 1978-இல் பேசப்பட்டன. அவர் சுவரிலிருந்து கேன்வாஸுக்கு ‘உயர்ந்தார்’ என்கிறது கட்டுரை. என் கருத்தில், அவர் சுவரையே கேன்வாஸுக்குக் கொண்டுவந்தார். குப்பையில் எறியப்பட்ட கதவும் சன்னல் சட்டமும் அவருக்குப் பலகையாயின. தம் சித்திரங்களையே செராக்ஸ் எடுத்து ஒட்டி, அதன்மேல் வண்ணம் பூசி, மறுபடியும் எழுதினார். சுவரொட்டியின்மேல் சுவரொட்டி ஏறி, பாதி கிழிந்து, அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும் தெருச்சுவரின் இயல்பு அது. பல்வேறு பொருள்களை ஒரே படைப்பில் சேர்ப்பதைக் கலப்பு ஊடகம் என்ற சொல்லால் நாம் குறிப்பது இங்கே வெறும் உத்தியன்று. சொற்களை அவர் கோடிட்டு அடிப்பதும் அப்படித்தான். அடித்த சொல்லைத்தான் மக்கள் உற்றுப் படிப்பார்கள் என்பது அவர் கணக்கு. அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்த ஆசிரியர்களில் நானும் ஒருவன் என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட ஓவியம் ஒன்று உண்டு. 1983 செப்டம்பர் 15 அதிகாலை, நியூயார்க் சுரங்க ரயில் நிலையச் சுவரில் எழுதியதாகக் கூறி, மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞரைப் போலீசார் கைது செய்தனர். கைகால் கட்டப்பட்ட நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட அவர் நினைவு திரும்பாமலே 13 நாள்களுக்குப் பின் இறந்தார். வழக்கைச் சந்தித்த ஆறு காவலர்களும் 1985-இல் விடுவிக்கப்பட்டனர். ஸ்டூவர்ட் இறந்த செய்தியை 1983-இல் கேட்டு, அது தாமாகவும் இருந்திருக்கலாம் என்று கலங்கிய பாஸ்கியா, ஓவியர் கீத் ஹேரிங்கின் பணியறைச் சுவரிலேயே தம் துயரத்தைத் தீட்டினார். இளஞ்சிவப்பு முகமும் ஓங்கிய தடியுமாக இரு காவலர்கள். நடுவே முகமே இல்லாத கரிய உருவம். மேலே, ஸ்பானியச் சாயலில் அவரே அமைத்த ‘டிஃபேசிமென்ட்டோ’ என்ற சொல், கேள்விக்குறிகளுக்கு நடுவே, காப்புரிமைக் குறியுடன் நிற்கிறது.

அதன் மூலமான ‘டிஃபேஸ்மென்ட்’ என்ற ஆங்கிலச் சொல் சுவரின் தோற்றத்தைக் கெடுப்பதையும் குறிக்கும். தனக்குள் முகத்தைக் குறிக்கும் ‘ஃபேஸ்’ என்ற சொல்லையும் ஒளித்து வைத்திருக்கும். சுவரைக் கெடுத்தவன் குற்றவாளி என்றால், ஒரு மனிதனின் முகத்தை அழித்தவர்கள் யார் என்பதே அங்கே எழும் கேள்வி. நம் மாநிலத்திலும் பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிரான சட்டம் 1959 முதல் இருக்கிறது; ஆனாலும் இந்த இரட்டைப் பொருளை ஏந்தும் ஒரே தமிழ்ச் சொல் எனக்கு அகப்படவில்லை. ‘உருச்சிதைவு’ ஓரளவு அருகில் வருகிறது.

அந்த ஓவியம் விற்பனைக்காக வரையப்பட்டதன்று. ஹேரிங் அந்தப் பணியறையிலிருந்து மாறியபோது அந்தச் சுவர்ப் பகுதியை வெட்டியெடுத்து, பின்னர் பொன்முலாம் பூசிய சட்டமிட்டுத் தம் படுக்கைக்கு மேலே மாட்டி வைத்தார். பாஸ்கியா 1988-இல் 27 வயதில் இறந்தார், ஹேரிங் 1990-இல். இரண்டரை அடி அகலமே உள்ள அந்தத் துண்டை மையமாக வைத்து 2019-இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியையே நடத்தியது.

இனி ஓவியக் கட்டுரைகளை வெளியிடும்போது, படத்தின் கீழே அது வரையப்பட்ட ஆண்டு, அளவு, பயன்படுத்திய பொருள்கள் ஆகிய மூன்றையும் தவறாமல் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லை எனில் விலையை விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.