குறுவை நெல் நடவும் கொரோனா நோய்த்தொற்றுப் பாதுகாப்பும்: உறுப்பினர்களுக்கு அறிவிப்பு (ஜூன் 2021)

விவசாயக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மேட்டூர் அணை 2021 ஜூன் 12 அன்று திறக்கப்பட்டுவிட்டதால், கல்லணையைத் தாண்டித் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வருவதற்குள் வயலைத் தயார் செய்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கும் கொரோனா தொற்று குறையாத 11 மாவட்டங்களின் அரசுப் பட்டியலில் இருப்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வேளாண் பணிக்கு இந்த ஜூன் 2021 ஊரடங்கில் தடையில்லை. திறந்தவெளி என்பதால் வயலில் ஆபத்தும் குறைவு. கவலை தருவது, நடவுக்கு வரும் பெண்களை ஒரே சரக்கு ஆட்டோவில் நெருக்கியடித்து ஏற்றி வருவதும், கஞ்சி வேளையில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வரப்பில் ஒட்டி உட்கார்ந்து, ஒரே சொம்பில் எல்லோரும் தண்ணீர் குடிப்பதும்தான். ஆகவே வண்டியை இரண்டு நடையாக அனுப்புங்கள். கூடுதல் வாடகையை நிலத்துக்காரர் ஏற்பதே நியாயம். அதைக் கூலியில் பிடிக்க வேண்டாம். காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய வருமானம் போய்விடுமே என்று அஞ்சி மறைப்பவர்கள் உண்டு என்பதால், உடல்நலமில்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பும்போது கூலியையும் கையில் கொடுத்தே அனுப்புமாறு உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

அரசின் கொரோனா நிவாரணத்தின் இரண்டாம் தவணையான 2,000 ரூபாயும் 14 மளிகைப் பொருட்களும் ஜூன் 15 முதல் ரேஷன் கடைகளில் வழங்கப்படுவதால், டோக்கனில் குறித்த நாளில் மட்டும் செல்லுங்கள்.

கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசியின் முதல் தவணை போட்டுக்கொண்டவர்கள் 84 நாட்கள் முடிந்ததும், நடவு வேலையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டாம் தவணையைப் போட்டுக்கொள்ள வேண்டும்.