சர்வே எண்ணைச் சொல்ல ஏன் இத்தனை தயக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு வாங்கப் போகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். தாய்ப்பத்திரம், அதாவது முந்தைய உரிமையாளர்களின் பழைய பத்திரம் கேளுங்கள், முப்பது வருடத்துக்கு வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல் போட்டுப் பாருங்கள், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எல்லாம் சரிதான். ஆனால் இதில் எதைப் பார்ப்பதற்கும் முதலில் அந்த இடத்தின் சர்வே எண், அதாவது அரசு நில அளவைப் பதிவில் அதற்கு இருக்கும் எண் வேண்டும். அதை ஒரு வீட்டு புரோக்கரிடமிருந்து வாங்குவது எப்படி என்று யாராவது எழுதினால் புண்ணியமாகப் போகும். தருமபுரியில் ஒரு வருடத்துக்கும் மேலாக வீடு தேடிக்கொண்டிருப்பவள் என்ற முறையில் கேட்கிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். கணவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். ஓசூரிலேயே வாங்கலாம் என்றால் அங்கே பெங்களூருக்காரர்கள் ஏற்றிவிட்ட விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாமியாரும் இங்கே. அதனால் தருமபுரியிலேயே, பழைய வீடாக இருந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தோம். வங்கிக் கடன் என் சம்பளத்தின் மேல். கிரயமும் என் பெயரில்தான். இதைச் சொல்லக் காரணம் உண்டு. நான் போன் செய்து ஏதாவது கேட்டால், "சிஸ்டர், சார் நம்பர் குடுங்க, அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்கிறார்கள். சாரிடம் போன் போனால் அவர், "வாங்கறது அவங்க, அவங்ககிட்டயே பேசுங்க" என்பார். அதற்கப்புறம் இரண்டு பேரிடமும் பேச்சு இருக்காது.

பெரும்பாலும் எல்லாம் ஆரம்பிப்பது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். "அவசர விற்பனை. கிழக்கு பார்த்த வீடு. 3 சென்ட். பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம். பேங்க் லோன் வசதி உண்டு." கூடவே வாசலில் கோலம் போட்ட ஒரு போட்டோ. தெரு எது, ஊர் எது என்பது மட்டும் இருக்காது. கேட்டால் "கலெக்டர் ஆபீஸ் பக்கம்" என்பார்கள். போய்ப் பார்த்தால் அதியமான்கோட்டையையும் தாண்டி இருக்கும். 3 சென்ட் என்றது 30க்கு 40 மனையாக, அதாவது 1,200 சதுர அடியாக இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. கணக்குப் போட்டால் இரண்டே முக்கால் சென்ட்தான் வருகிறது. கால் சென்ட்டுக்கு இந்த ஊரில் என்ன விலை என்று புரோக்கருக்குத் தெரியாதா என்ன!

ஒருநாள் நைட் டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து அப்போதுதான் படுத்தேன். போன். "சிஸ்டர், உடனே வாங்க, இன்னொரு பார்ட்டி பதினோரு மணிக்கு வராங்க, விட்டா போயிடும்." குளிக்காமல்கூட ஓடினேன். அங்கே புரோக்கர் இல்லை. போன் எடுக்கவில்லை. கேட் உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தட்டினேன். கையில் கேழ்வரகு மாவு ஒட்டியபடி ஒரு அம்மா வந்து, "யாரைப் பாக்கணும்?" என்றார். வீடு பார்க்க வந்தேன் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. அவர் அங்கே வாடகைக்கு இருப்பவர். வீடு விலைக்கு வந்திருப்பது அவருக்கே என் மூலமாகத்தான் தெரிந்தது. எனக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது.

அந்த அம்மா பெரிய மனசு. உள்ளே வரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். எங்கள் மாவட்டத்தில் வீடு வாங்குகிற யாரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி தண்ணீர்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பழுப்பேறிய பற்களையும், முட்டி மடக்க முடியாத பெரியவர்களையும் நான் டூட்டியில் பார்க்கிறேன். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013இல் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். இந்த வீட்டுக்கு ஒகேனக்கல் குழாய் இருக்கிறதா என்று புரோக்கரிடம் எத்தனையோ முறை கேட்டிருந்தேன். "தண்ணிக்குப் பஞ்சமே இல்ல சிஸ்டர், அறுநூறு அடி போர்" என்பார். நான் கேட்டது குழாயை, அவர் சொன்னது போரை. அந்த அம்மா அடுப்படிக்குக் கூட்டிப்போய்ப் பாத்திரத்தைக் காட்டினார். தண்ணீர் காய வைக்கும் குண்டானின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளைப் படலம். "குடிக்க மட்டும் அந்தத் தெருக் குழாய்ல பிடிச்சுக்கறோம்மா, வீட்டுக்கு லைன் இழுக்கல" என்றார். மழைக்கு எந்தச் சுவர் ஓதம் ஏறும், எதிர் வீட்டுக்காரர் வழித் தகராறு என்ன, எல்லாம் அங்கேயே தெரிந்துவிட்டது. புரோக்கர் சாயங்காலம் கூப்பிட்டு, "வண்டி பஞ்சர் சிஸ்டர். வீடு பிடிச்சிருக்கா? டோக்கன் அட்வான்ஸ் போட்டுடலாமா?" என்றார்.

இவர் ஒருவர் மேல் மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை என்பது போகப்போகப் புரிந்தது. நாம் பேசுகிற புரோக்கருக்குப் பெரும்பாலும் வீட்டுக்காரரையே தெரியாது. அவருக்கு இன்னொருவர் சொல்லியிருப்பார். அந்த இன்னொருவருக்கு பென்னாகரம் ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவர் சொல்லியிருப்பார். அவருக்குத்தான் வீட்டுக்காரரின் மச்சானைத் தெரியும். வீட்டுக்காரர் பெங்களூரில் இருப்பார். எங்கள் வார்டில் ஷிஃப்ட் மாறும்போது ஒவ்வொரு பெட்டாக நின்று, இவருக்கு என்ன மருந்து போயிருக்கிறது, அடுத்து எத்தனை மணிக்கு என்று சொல்லி, எழுதி, கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப முடியும். இந்த வரிசையில் அப்படி ஒப்படைப்பது கமிஷன் கணக்கு ஒன்றைத்தான். நான் கேட்ட கேள்வி இரண்டாவது ஆளிடமே நின்றுவிடும். பதில் வராதபோது முதல் ஆள் என்ன செய்வார்? ஒன்று, போனை எடுக்க மாட்டார். இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்.

வாய்க்கு வந்ததற்கு ஓர் உதாரணம். பாரதிபுரம் பக்கம் ஒரு வீடு மனசுக்குப் பிடித்திருந்தது. ஒரிஜினல் பத்திரம் எங்கே என்றதற்கு, "பத்திரமா லாக்கர்ல இருக்கு" என்றார். எப்படியோ பத்திர எண்ணைத் தேடிப்பிடித்து, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். உரிமை ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்து அடமானம் வைத்த பதிவு இருந்தது. லாக்கர் என்றது பொய்யில்லை, வங்கியின் லாக்கர்! வீட்டின் மேல் கடன் இருப்பது ஒன்றும் குற்றமில்லை. என்னுடைய வங்கி அந்தக் கடனை நேராக அடைத்துவிட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளும், தினமும் நடக்கிற காரியம்தான். முதல்நாளே சொல்லியிருந்தால் நான் மேற்கொண்டு பேசியிருப்பேன். மறைத்தபிறகு, வேறென்ன மறைத்திருப்பார்களோ என்ற பயம் வந்துவிட்டது. வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"அப்ரூவல் இருக்குங்க" என்பதும் இப்படித்தான். டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரமா, அந்தக் காலத்துப் பஞ்சாயத்து அப்ரூவலா, அங்கீகாரமில்லாமல் போட்டுப் பின்னால் முறைப்படுத்திய, அதாவது வரன்முறை செய்த மனையா என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும், பிறகு 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்ததும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. வரன்முறை ஆணை இல்லாவிட்டால் வங்கி வக்கீல் முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வக்கீலுக்கும், வீட்டை மதிப்பிட வரும் இன்ஜினியருக்கும் பணம் கட்டுவது நாம். கடன் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது.

அப்படிப் பணம் கட்டி, லீகல் ஒப்பீனியனும் நல்லபடியாக வந்த வீடு ஒன்றும் கைநழுவியது. விலை பேசி, அக்ரிமெண்ட் போட நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. புரோக்கர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஓனர் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு மெசேஜ், அப்புறம் அதுவும் இல்லை. டவுன் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது தெருமுனையில் புதுமனை புகுவிழா ஃபிளெக்ஸ் பார்த்துத்தான் வேறு யாருக்கோ கிரயம் ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். கூடுதல் விலை வந்தால் விற்பது வீட்டுக்காரரின் உரிமை. நான் அதற்குச் சண்டைக்குப் போகவில்லை. "முடிஞ்சிருச்சு சிஸ்டர், வேற பாக்கலாம்" என்று ஒரு வரி சொல்வதற்கு என்ன கேடு? அந்த வீட்டின் போட்டோ அதற்குப் பிறகும் அவருடைய ஸ்டேட்டஸில் "அவசர விற்பனை" என்று ஓடிக்கொண்டிருந்தது.

நியாயமாக அவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். சர்வே எண்ணையும் வீட்டுக்காரர் பெயரையும் சொல்லிவிட்டால், வாங்குகிறவர்கள் நேராகப் போய்ப் பேசி முடித்துவிட்டு கமிஷனுக்கு டாட்டா காட்டிவிடுகிறார்கள். இது நடக்காமலா இருக்கிறது? வெயிலில் அலைந்து வீடு காட்டியவருக்குப் பெட்ரோல் காசுகூட மிஞ்சாத கதைகள் நம் ஊரில் நிறைய. கமிஷன் ஒரு சதவீதமா இரண்டா என்பதையே கடைசி நாள் வரை பேசாமல் வைத்திருந்து, பத்திர ஆபீஸ் வாசலில் நின்று சண்டை போடுகிறோம். பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் வாயைத் திறக்க மறுக்கிறார்கள் என்று நினைக்கிறேன், சோம்பலில் அல்ல.

இதற்கு நான் ஒரு வழி செய்து பார்த்தேன். குமாரசாமிப்பேட்டைப் பக்கம் ஒரு வீடு காட்டுவதாகச் சொன்ன பெரியவரிடம், "இந்த வீட்டை நான் யார் மூலமாக முடித்தாலும் உங்கள் கமிஷன் இவ்வளவு" என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டு, அதை வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். அன்று சாயங்காலமே வார்டு, பிளாக், நகர நில அளவை எண், பத்திர எண் எல்லாம் வந்துவிட்டன. வில்லங்கத்தை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பட்டாவையும் அரசின் இ-சேவைப் பக்கத்தில் பார்க்கலாம். பார்த்தேன். பாகப்பிரிவினையில் ஒரு தங்கையின் பெயர் விடுபட்டிருந்தது. மறுநாள் காலையிலேயே பெரியவரிடம், "அது சரியானால் சொல்லுங்கய்யா, இப்போதைக்கு வேண்டாம்" என்றேன். அவருக்கும் அலைச்சல் இல்லை, எனக்கும் வீண் செலவில்லை. இன்றைக்கும் டூட்டியில் இருந்தாலும் அவர் போன் வந்தால் வெளியே வந்து எடுத்துவிடுவேன்.

ஆனால் இது ஆளுக்கு ஆள் மனசைப் பொறுத்து நடப்பதாக இருக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. பதிவில்லாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், சொத்து மதிப்பில் ஐந்து சதவீதம் வரை போகலாம். வாங்குபவருக்கு உரிய எல்லா விவரங்களும் ஆவணங்களும் கிடைக்கச் செய்வது முகவரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு, ரெராவில் பதிவான திட்டங்களில் விற்கும் முகவர்களுக்குத்தான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள், எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்குமாடிகள் போன்றவைதான் அந்தத் திட்டங்களில் வரும். நம் ஊரில் நடுத்தரக் குடும்பங்கள் வாங்குவதோ தெருவுக்குள் இருக்கும் பழைய தனி வீடு. அதைக் காட்டும் புரோக்கரை அந்தப் பதிவு தொடுவதில்லை. பெயர்ப் பலகை இல்லை, பதிவு எண் இல்லை, புகார் சொல்லப் போனால் யார் மேல் என்று எழுதுவது?

பத்திரச் செலவிலும் இதே மூட்டம்தான். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பது அரசு விதித்தது, அதற்கு ரசீதும் உண்டு. "மொத்தமா குடுத்துடுங்க, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பதில் மிச்சம் எங்கே போகிறது என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பத்து லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை தந்திருக்கிறார்கள், சந்தோஷம். பத்து லட்சத்துக்குத் தருமபுரியில் குடியிருக்கிற மாதிரி ஒரு வீட்டை யாராவது எனக்குக் காட்டினால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

நான் கேட்பது பெரிதில்லை. பழைய வீடு விற்கும் புரோக்கர்களையும் பதிவு செய்ய வைக்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் எவ்வளவு கமிஷன் தருவார்கள் என்பதை வீடு காட்டும் அன்றே எழுதிக் கையெழுத்திட ஓர் எளிய படிவத்தைப் பதிவுத்துறை தர வேண்டும். அதே தாளில் சர்வே எண், வீட்டுக்காரர் பெயர், அடமானம் உண்டா, எந்த அப்ரூவல், மின் இணைப்பு யார் பெயரில், குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற விவரங்களும் இருக்கட்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் உண்டா, அவருக்கு விற்பனை விஷயம் சொல்லியாயிற்றா என்பதற்கும் ஒரு கட்டம் வைத்தால் நல்லது. மாவட்டப் பதிவாளர் அலுவலகம் மனசு வைத்தால் இதைத் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் முதலில் செய்து பார்க்கலாம். படிவம் வரும் வரை, என்னிடம் வீடு சொல்ல நினைக்கும் புரோக்கர்கள் சர்வே எண்ணோடு வந்தால் கமிஷனை எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தருமபுரி.