முன்னாள் படைவீரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்தவர்களே, படைவீரர் குடும்பத்துத் தாய்மார்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நவம்பரில் மூத்தவர்களின் உயிர்வாழ் சான்றை நம் இளைய உறுப்பினர்களே படைவீரர் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் பதிந்து கொடுத்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு நம்மை விட்டுப் போன ஹவில்தார் ஐயாவைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தே.கல்லுப்பட்டிப் பக்கம் கரிசக்காட்டு ஊர் அவருக்கு. சீனப் போர் முடிந்து படைக்கு ஆள் எடுத்த சமயம், 1963இல் சேர்ந்தார். வெலிங்டனில் பயிற்சி, பிறகு மதராஸ் ரெஜிமெண்டின் 16ஆவது பட்டாலியன். 1971 டிசம்பர் 15 இரவு, பாகிஸ்தானின் ஷகர்கட் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து சராஜ் சக் என்ற இடத்தைப் பிடிக்கும் பொறுப்பு அந்தப் பட்டாலியனுக்கு. வழியெல்லாம் கண்ணிவெடி. டாங்கிகளுக்குப் பாதை திறக்கும் முன்பே காலாட்படை அக்கரை போய்விட்டது. முன்னால் போகிறவன் கால் வைத்த இடத்தில்தான் தன் காலையும் வைத்ததாகவும், கரையேறிய பிறகு ஈரக் கால்சட்டை குளிரில் தகரம் போல விறைத்துக்கொண்டதாகவும் சொல்வார். மறுநாள் எதிரி டாங்கிகள் திருப்பித் தாக்கின. 17ஆம் தேதி சண்டை நின்றது.

அந்தச் சண்டையில் அருண் கேத்ரபாலுக்கும் ஹோஷியார் சிங்குக்கும் பரம் வீர் சக்ரா கிடைத்ததை நாடே அறியும். அதே ஆற்றை நடந்து கடந்த நம்மூர்ச் சிப்பாய்களைப் பற்றி நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

1979இல் ஊர் திரும்பினார். அன்றைய பென்ஷன் குடும்பத்துக்குப் போதாது. கொஞ்ச காலம் பருத்தி போட்டார், அப்புறம் மதுரையில் ஒரு வங்கியில் காவலர் வேலை. அதிலிருந்தும் ஓய்வு பெற்றபின், ராணுவத்தில் சேர நினைக்கும் பையன்களை விடியுமுன் கண்மாய்க் கரையில் 1,600 மீட்டர் ஓடவிட்டு, கையில் கடிகாரத்தோடு நிற்பார். பட்டாளத்தார் வீடு எது என்று கேட்டால் அவ்வூரில் சின்னப் பிள்ளையும் காட்டும்.

அவர் போன பிறகு அவர் மனைவியான அம்மாவுக்கு வரவேண்டிய குடும்ப பென்ஷன் மாதக்கணக்கில் நின்றது. படையிலிருந்து விடைபெறும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அம்மாவை வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் குலசாமி பெயர். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று காட்ட பிரமாணப் பத்திரம், வி.ஏ.ஓ. சான்று, கடிதத்துக்கு மேல் கடிதம். அந்த வயதில் அம்மா மரத்தடிகளில் காத்திருந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. கடைசியில் நிலுவையோடு வந்தது.

இது நம் பல வீடுகளில் காத்திருக்கும் சிக்கல். குடும்ப பென்ஷன் வாங்குபவருக்கு 80 வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடுதலாக உண்டு, ஆனால் பிறந்த தேதி பதிவில் இருந்தால்தான் அது தானாக வரும். ஆகவே அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, கணவன் மனைவி இருவர் ஆதார் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். வர முடியாதவர் வீட்டுக்கு நாங்களே வருகிறோம். 1965, 1971 போர்களைப் பார்த்த மூத்தவர்கள் பேசுவதைச் செல்போனில் பதிந்து சங்கத்தில் வைக்கவும் செயற்குழு முடிவு செய்துள்ளது. முதல் பதிவைப் பேரையூர்ப் பக்கம் தொடங்குகிறோம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்