முதல் மடக்கைக் கொடுத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் 30 வருடம் மருத்துவிச்சியாக இருந்தவள் நான். பெண்கள் குடிக்கிறார்கள் என்றதும் எல்லாரும் ‘கலாசாரச் சீரழிவு’ என்கிறார்கள். நான் பார்த்தது வேறு.

பலருக்கு முதல் மடக்கை ஊற்றிக் கொடுத்ததே வீட்டுப் பெரியவர்கள்தான். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும் என்று மாமியார் பிராந்தி கொடுப்பார். தாய்ப்பாலிலும் கலக்குமே என்று நான் சத்தம் போட்டால், “சும்மா இருங்க மிஸ்ஸி, நாங்க பெறாத பிள்ளையா?” என்பார். அப்புறம் 40 வயதில் மழை, அட்டைக்கடி, முதுகில் கொழுந்துச் சுமை. இடுப்பு வலிக்கென்று இரவில் கொஞ்சம். வேலையிலிருந்து நின்றதும் சேமலாப நிதிப் பணம் கைக்கு வரும், பிள்ளைகளோ கொழும்பில். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தனித்துக் கிடப்பவள் பகலிலேயே தொடங்குகிறாள். வயதாக ஆக உடம்பில் நீர் குறைவதால், பழைய அளவே இப்போது கூடுதலாக ஏறும். பிரஷர் குளிசையும் சேர்ந்தால் தலைசுற்றி விழ வேண்டியதுதான்.

பெண்களுக்கு மது விற்கக் கூடாதென்ற 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். எங்கள் லயத்தில் அதனால் ஒரு போத்தல் கூடவுமில்லை, குறையவுமில்லை. புருஷனோ மகனோ வாங்கி வருகிறான், அவ்வளவுதான்.

நான் போகும் கிளினிக்கில் சீனியைப் பார்க்கிறார்கள், பிரஷரைப் பார்க்கிறார்கள். குடிப்பீர்களா என்று கிழவிகளிடம் கேட்பதில்லை. திட்டாமல் கேட்டால் சொல்வார்கள், என்னிடம் சொன்னார்கள்.

ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவிச்சி,
நுவரெலியா மாவட்டம்