வால் தூக்கிய புல்லட்

கோவை
ஞாயிறு இரவு

டேய் சேகர்,

உன் கடிதமும் படங்களும் வந்து இருபது நாள் ஆகிறது. பதில் போடாததற்கு நீ திட்டுவதற்குள் நானே திட்டிக்கொண்டுவிட்டேன், அதோடு விடு. வீட்டில் எல்லாரும் நலம். கண்டக்டர் சாலமன் ரிட்டையர் ஆகிவிட்டான், இனிமேலாவது சில்லறை வைத்திருப்பானா என்று பார்ப்போம்.

வண்டிக்கு வருகிறேன். பெயின்ட் அருமை, டேங்க் கோடு யார் இழுத்தாலும் கை நடுங்காதவர். ஆனால் பக்கவாட்டுப் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். 74 மாடல் புல்லட்டா இது, கொட்டப்போகிற தேளா? பின்பக்கம் அப்படித் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பின்னால் புதிதாக மாட்டிய கேஸ் ஷாக் அப்சார்பர் பழையதைவிட 25 மில்லிமீட்டர் நீளம் என்று நீயே எழுதியிருக்கிறாய், அடுத்த வரியிலேயே அறுபதில் ஹேண்டில் ஆடுகிறது, ஸ்டியரிங் பேரிங் குண்டு மாற்றலாமா என்று கேட்கிறாய். இரண்டு வரியையும் சேர்த்துப் படித்திருந்தால் எனக்கு எழுதியே இருக்க மாட்டாய்.

ஷாக்கின் கீழ்க்கண், அதாவது கீழே போல்ட் போடுகிற வளையம், பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் இருப்பதால், ஷாக்கில் 25 மில்லி கூடினால் சக்கரத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடவே வரும், 28 என்று வைத்துக்கொள். இரண்டு அச்சுக்கும் நடுவே 1370 மில்லி. கணக்குப் போட்டால் வண்டி முழுசும் ஒரு டிகிரிக்கு மேல் முன்னால் கவிழ்கிறது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கின் சாய்வும் அவ்வளவு குறையும். முன்டயர் ரோட்டைத் தொடும் இடம் ஸ்டியரிங் அச்சுக்குப் பின்னால் இருக்கிற தூரம்தான் வண்டியை நேராகப் பிடித்து வைக்கிறது. அதில் 7, 8 மில்லி போய்விட்டது. குண்டையும் பார், பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் புஷ்ஷில் ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளியும் பார். ஆனால் உயரத்தைச் சரி செய்யாமல் அவற்றை மாற்றினால் பணம்தான் போகும்.

உன் மருமகன் சொன்ன யோசனை, ஃபோர்க் குழாயைக் கிளாம்பில் கீழே இறக்கி முன்பக்கத்தையும் உயர்த்திச் சரிக்கட்டுவது, புது வண்டிகளுக்கு. புல்லட்டில் ஹெட்லைட் உட்கார்ந்திருக்கிற அந்த வார்ப்புக்குள் குழாய் மரையில் ஏறுகிறது. ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. பின்னால் செய்த தப்பைப் பின்னால்தான் திருத்த வேண்டும்.

மெக்கானிக் பாய் சொன்னாராமே, ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிவிடலாம் என்று. கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைக்கும். பத்துச் சுற்று ஒன்பதானால் விறைப்பு நூற்றுக்குப் பதினொன்று கூடும். அதோடு சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் லூசாகக் கிடந்து தடதடக்கும்.

முதலில் அளந்து பார். ஒரு டேப்பும் கூட ஒரு ஆளும் போதும். சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கட்டும். உன் வண்டியில் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், நீள ஷாக்கின் முதல் அடையாளமே அதுதான். ஸ்டாண்டுக்கு அடியில் பலகை கொடு. அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு டேப் துண்டு ஒட்டி அந்தத் தூரத்தைக் குறித்துக்கொள். அடுத்து வண்டியை இறக்கி, ஆள் ஏறாமல் அளக்கவும். மூன்றாவது, நீ ஏறி இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, இன்னொருவர் முன்னால் பிடித்திருக்க அளக்கவும். ஒவ்வொரு தடவையும் அமுக்கி மெதுவாக விட்டு ஒன்று, தூக்கி மெதுவாக விட்டு ஒன்று, இரண்டுக்கும் நடுவை எடு. புஷ்ஷும் சீலும் பிடித்துக்கொண்டு பொய் சொல்லும்.

முதல் அளவிலிருந்து, வண்டியின் சொந்த எடைக்கு 10 முதல் 15 மில்லி இறங்க வேண்டும். நீ ஏறியதும், சக்கரம் மேலும் கீழும் போகிற மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சக்கரம் 75 மில்லி ஆடுமென்றால் 25. கேமை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிற படி வளையத்தை, அடிப்படியில் வைத்தும் நீ ஏறி 10கூட இறங்கவில்லையென்றால் ஸ்பிரிங் உனக்கு விறைப்பு, வாதமே வேண்டாம். எனக்குச் சந்தேகம் அதுதான். நீளத்தால் சக்கரத்தில் 28, இறங்காதது இன்னொரு 15, ஆகப் பின்பக்கம் உண்மையில் நிற்பது 43 உயரத்தில். இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு. கேமை ஏற்றி ஏற்றி, ஆள் ஏறினால் 25 வருகிறது, சொந்த எடைக்கு மட்டும் அசையவே இல்லை என்றால் அது மெலிந்த ஸ்பிரிங். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு இன்னும் மெலிந்ததைத் தேடுவார்கள்.

பழைய ஷாக்கைக் காயலான் கடையில் போட்டுவிடவில்லையே? அதிலிருக்கிற ஸ்பிரிங்கை அள. நம் ஆட்கள் பழைய ஸ்பிரிங் மெலிந்துவிட்டது என்பார்கள். விறைப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது, நீளம்தான் போகும். 5 மில்லி, 8 மில்லி குட்டையாகியிருந்தால் அந்த அளவுக்கு லேத்தில் ஒரு வளையம் கடைந்து மேலே கொடுத்தால் உயரம் திரும்ப வரும். விறைப்பைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமன். சுருளின் விட்டம் கம்பி நடுவிலிருந்து நடுவுக்கு 50 மில்லி, வேலை செய்யும் சுற்று 10 என்றால், 7 மில்லி கம்பி ஒரு மில்லி அமுங்கக் கிட்டத்தட்ட 2 கிலோ கேட்கும். 8 மில்லி கம்பி 3.3 கிலோ. ஒரே ஒரு மில்லிதான் வித்தியாசம், கண்ணுக்கே தெரியாது. வெர்னியர் எடுத்துப் புது ஷாக்கையும் அள, பிறகு பேசலாம்.

பழையது ஆயில் கசியவில்லை என்றால் அதையே மாட்டு. பரணில் படுத்துக் கிடந்ததில் உள்ளே காற்று ஏறியிருக்கும், நிமிர்த்திப் பிடித்து ஏழெட்டுத் தடவை முழுசாக அமுக்கி இழு. கசிந்தால், அதே நீளம், அதே ஸ்ட்ரோக், அதாவது முழுசாக அமுங்குகிற தூரம், உள்ளதாக வாங்கு. நீளம் மட்டும் பார்த்து ஸ்ட்ரோக்கை விட்டால் பள்ளத்தில் டயர் மட்கார்டைத் தின்னும். அதனால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை மட்டும் மாட்டி, சக்கரத்தைக் கடைசிவரை மேலே தூக்கிப் பார். 3.25க்குப் பதில் 3.50 டயர் போட்டிருக்கிறாய், அது தனியாக 6 மில்லி உயரம். சக்கரம் கையில் ஆடும்போதே செயினையும் பார்த்துவிடு. முன் ஸ்புராக்கெட், ஸ்விங் ஆர்ம் சுழல்கிற பிவட், பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வருகிற இடத்தில்தான் செயின் இறுகும், லூஸை அங்கே வை. பின் பிரேக் ராடும் மறுபடி அட்ஜஸ்ட் கேட்கும். ஷாக் கண்ணில் உள்ள போல்ட்டை வண்டி சொந்தக் காலில் நிற்கும்போது இறுக்கு, தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகியே கிடந்து கிழியும்.

கிண்டலெல்லாம் போகட்டும். அடுத்த மாதம் மல்லிகாவை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போகிறேன் என்று கடைசியில் சாதாரணமாக எழுதியிருக்கிறாய். ஏறும்போது ஒன்றும் தெரியாது, இரண்டு பேர் எடையில் பின்பக்கம் தணிந்து வண்டி நல்ல பிள்ளையாகப் போகும். சேலம் பக்கம் இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் முன் பிரேக் பிடிப்பாய். ஃபோர்க் உள்ளே போகும், பின்பக்கம் எழும், ஏற்கெனவே போன டிகிரிக்கு மேல் இன்னும் இரண்டு போகும். இப்படியே அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போகாதேடா. ஆள் வந்து சாவியைப் பிடுங்க எனக்குச் சேலம் தூரமில்லை.

மூன்று அளவையும், இரண்டு ஸ்பிரிங்கின் கம்பித் தடிமனையும் இந்த வாரமே எழுதிப் போடு. போனில் சொல்லாதே, நீ சொல்கிற 15 எனக்கு 50 என்று கேட்கும். அந்தப் பழைய பிஸ்டன் கதை இன்னொரு தடவை வேண்டாம். மல்லிகாவிடம் மாவடு கிடைத்தது என்று சொல்.

உன்
ராமநாதன்