ரிப்லி ஆற்றங்கரையில் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் அடிமைமுறை இருந்த காலத்தில், கென்டக்கியிலிருந்து ஒஹாயோ ஆற்றைக் கடந்து தப்பி வந்த அடிமைகளுக்கு ரிப்லி ஊரைச் சுற்றிய இந்தப் பகுதியில் யார் யார் அடைக்கலம் கொடுத்தார்கள், எந்தெந்த இடத்தில் கொடுத்தார்கள் என்று தேடிப் பதிவு செய்யும் வேலையின் முதல் தொகுப்பு முடிந்துவிட்டது. கோப்புகளை நூலகத்தில் ஒப்படைத்த கையோடு இந்த மடலை எழுதுகிறேன். அட்டையில் எங்கள் சிறு குழுவின் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி நீங்கள் கொடுத்தது. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். சரி, பெயர் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லாமல் விட மட்டும் மனம் வரவில்லை.

உதவியவர்களில் சின்சினாட்டி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த அவர்கள் வீட்டுப் பெரியவர்கள், "லீவு நாளெல்லாம் அப்படி என்னதான் தேடுகிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ஒன்று தனியாகப் போகிறது. முதலில் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு எல்லைக்கோடு இந்த ஆறுதான். தென்கரையில் இருந்த கென்டக்கியில் மனிதரை வாங்கலாம், விற்கலாம். வடகரையில் இருந்த ஒஹாயோ 1803இல் மாநிலமானபோதே அடிமைமுறைக்குத் தடை போட்டிருந்தது. இப்போது போல அணைகள் கட்டித் தேக்காத காலம் என்பதால் கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும். கடும் குளிரில் உறைந்துவிடும். அப்படிப்பட்ட நாட்களில் ஆட்கள் கடந்து வந்தார்கள். ஆனால் கரையேறியதோடு ஆபத்து நீங்கிவிடவில்லை. 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி, அடைக்கலம் கொடுத்தவருக்கு 1000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பிடிபட்டவரை எஜமானிடம் திருப்பி அனுப்பத் தீர்ப்பளித்தால் வழக்கை விசாரிக்கும் ஆணையருக்கு 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். நியாயத்துக்கு விலை வைத்த அந்தச் சட்டத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை. அதனால் வந்தவர்கள் இங்கே தங்க முடியாமல், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இருட்டோடு இருட்டாக நகர்ந்து, ஈரி ஏரியையும் தாண்டி கனடா போய்ச் சேர வேண்டியிருந்தது. அந்த வழியில் இருந்த வீடுகளையும் தேவாலயங்களையும் பண்ணைகளையும்தான் தேடினோம்.

ரிப்லி என்றால் எல்லோரும் சொல்வது மலைமேல் இருக்கும் ரேங்கின் வீட்டை. போதகர் ஜான் ரேங்கினும் அவர் மனைவி ஜீனும் பதின்மூன்று பிள்ளைகளோடு வாழ்ந்த சின்ன செங்கல் வீடு. சன்னலில் வைத்த விளக்கு அக்கரைக்குத் தெரியும். வந்தவர்களை மகன்கள் இரவோடு இரவாகக் குதிரையில் ரெட் ஓக் என்ற ஊர் வரை கொண்டுபோய் விடுவார்கள். ஒஹாயோ மாநிலம் அந்த வீட்டை 1938இலேயே வாங்கிவிட்டதால் இன்றும் நன்றாக நிற்கிறது.

கீழே ஆற்றோரத் தெருவில் ஜான் பார்க்கரின் வீடு இருக்கிறது. இவருடைய கதையை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும். பார்க்கர் எட்டு வயதில் வர்ஜீனியாவில் விற்கப்பட்டு, சங்கிலியில் பிணைத்து நடத்திக் கொண்டுபோகப்பட்டவர். அலபாமாவில் இரும்பு வார்ப்பு வேலை கற்று, சம்பாதித்து, 1845இல் 1800 டாலர் கொடுத்துத் தன்னைத் தானே வாங்கிக்கொண்டார். பிறகு ரிப்லிக்கு வந்து பட்டறை வைத்தார். மூன்று கருவிகளுக்குக் காப்புரிமையும் பெற்றார். இதெல்லாம் பகலில். இரவில் படகெடுத்துக்கொண்டு அக்கரைக்கே போய் ஆட்களைக் கூட்டி வந்தார்.

அந்த வீட்டில் சுற்றிக் காட்டும் தன்னார்வலர் அம்மா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. ஒரு குடும்பத்தைக் கூட்டிவரப் பார்க்கர் போன கதையை ஆற்றைக் காட்டியபடி நீங்கள் சொன்னீர்கள். பெற்றோர் ஓடிவிடக் கூடாது என்று அவர்கள் குழந்தையை எஜமானன் இரவில் தன் கட்டில் அருகிலேயே கிடத்திக்கொள்வான். பக்கத்து நாற்காலியில் துப்பாக்கிகளும் எரியும் மெழுகுவத்தியும் இருக்கும். பார்க்கர் அந்த அறைக்குள் தவழ்ந்து போய், குழந்தையை எடுத்துக்கொண்டு ஓட்டமாக ஓடிப் படகில் ஏறினார். கதை முடிந்ததும் நீங்கள் சொன்ன தகவல்தான் எங்கள் வேலைக்கு வழிகாட்டியது. தான் உதவியவர்களின் பெயர், தேதி எல்லாவற்றையும் பார்க்கர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். மொத்தம் 315 பேர். 1850 சட்டம் வந்ததும், அது பிறர் கையில் சிக்கினால் எல்லோருக்கும் ஆபத்து என்று தன் பட்டறை உலையிலேயே போட்டு எரித்துவிட்டார்.

பிலடெல்பியாவில், தப்பி வந்தவர்களுக்கு உதவிய வில்லியம் ஸ்டில் என்பவர் வேறு வழியில் போனார். 1850இல் அவர் அலுவலகத்துக்கு வந்து தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், சிறு வயதில் குடும்பத்தைப் பிரிந்த தன் சொந்த அண்ணன் பீட்டர்தான் என்று பேச்சின் நடுவே ஸ்டிலுக்குத் தெரியவந்தது. அதன்பின், பிரிந்த குடும்பங்கள் என்றாவது சேரட்டும் என்று வந்தவர் ஒவ்வொருவரின் விவரத்தையும் இன்னும் கவனமாக எழுதி வைத்தார். அவற்றை ஓர் இடுகாட்டுக் கட்டிடத்தில் ஒளித்துக் காப்பாற்றி 1872இல் நூலாகவும் வெளியிட்டார். இரண்டு பேர் செய்ததும் சரிதான். ஆனால் ரிப்லியைப் பொறுத்தவரை எழுத்து எரிந்துபோயிற்று. மிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்துதான் திரட்ட வேண்டும். பத்திரங்கள், வரிப் பதிவேடுகள், மக்கள்தொகைக் கணக்கு, பழைய செய்தித்தாள், கல்லறை என்று தேட வேண்டியதாயிற்று.

அதில் எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார். கென்டக்கிப் பக்கத்து மேஸ்வில் நகரத்து எஜமானர்கள் தப்பியவர்களைத் தேடிக் கொடுத்த விளம்பரங்களை நுண்படச் சுருளில் காட்டி, "பரிசுத் தொகையைக் கவனியுங்கள்" என்றார். கென்டக்கிக்குள் பிடித்தால் ஒரு தொகை, ஆற்றைத் தாண்டி ஒஹாயோவில் பிடித்தால் அதைவிடக் கூடுதல். எந்தப் பக்கம் போவார்கள், அங்கே யாரோ காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எஜமானர்களுக்கும் தெரிந்திருந்தது. தழும்பு, நடை, உடுத்தியிருந்த துணி, தெரிந்த தொழில் என்று அடையாளம் சொல்லிப் பிடிக்கக் கொடுத்த அந்த விளம்பரங்களே, அந்த மனிதர்களைப் பற்றி இன்று மிஞ்சியிருக்கும் ஒரே வர்ணனையாக இருக்கின்றன. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி ஏடு போட்டார்கள். அதில் எஜமானன் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் போன்ற விவரங்கள்தான். வரிசை வரிசையாகப் பெயரில்லாத வயதுகள்.

நில அளவை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. இந்தப் பகுதி, அமெரிக்கப் புரட்சிப் போரில் சண்டையிட்ட வர்ஜீனியா வீரர்களுக்கென ஒதுக்கிய நிலம். கட்டம் கட்டமாக அளக்கவில்லை. பத்திரத்தைப் பிரித்தால், இன்ன ஓடைக்கரை மேப்பிள் மரத்தில் தொடங்கி, வடக்கே இத்தனை கழி போய், இரண்டு ஓக் மரங்கள் நிற்கும் இடத்தில் திரும்பி என்று போகும். ஒரு கழி 16.5 அடி. மரம் எதுவும் இன்றைக்கு இல்லை. ஐயா ஓடையிலிருந்து பின்னோக்கி வந்தார். பக்கத்து நிலங்களின் பத்திரங்களையும் சேர்த்துக் காகிதத்தில் வரைந்து ஒட்டினார். ஒரு மூலை சரியாக உட்காராமல் நின்றதைப் பல வாரம் விடாமல் பார்த்து, கடைசியில் அந்தக் காலத்தில் பத்திரத்தை நகலெடுத்த எழுத்தர் திசையை மாற்றி எழுதியிருந்ததைப் பிடித்தார். அதனால்தான் ஒரு கருப்பினக் குடும்பத்தின் நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று இன்று சொல்ல முடிகிறது. அங்கே வீடு இல்லை. சோளக்காடும் ஒரு கல் அடித்தளத்தின் மூலையும்தான்.

அந்த நிலத்தைப் பற்றி முதலில் சொன்னவர் தேவாலயத்துப் பெரியவர். தாத்தா, நீங்கள் வருத்தத்தோடு சொன்னதை அப்படியே எங்கள் முன்னுரையில் சேர்த்திருக்கிறோம். மலைமேல் வீட்டைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக வருகிறார்கள், எங்கள் ஆட்கள் இருந்த இடத்தைக் கேட்க யாரும் வருவதில்லை என்றீர்கள். ஆற்றைக் கடந்து வந்தவர்கள் பல சமயம் முதலில் தட்டியது தங்களைப் போன்றவர்களின் கதவைத்தான். அவர்களுக்கு ஆபத்தும் அதிகம். வெள்ளைக்காரர் மாட்டினால் வழக்கும் அபராதமும். கருப்பினத்தவர் மாட்டினால் தெற்கே விற்றே விடலாம். 1849 வரை, வெள்ளையர் சம்பந்தப்பட்ட வழக்கில் அவர்கள் சாட்சி சொல்லக்கூட ஒஹாயோ சட்டம் விடவில்லை. ரிப்லி இருக்கும் இதே பிரவுன் கவுண்டியில் (மாவட்டத்தில்), சாமுவேல் கிஸ்ட் என்ற எஜமானரின் உயிலால் விடுதலை பெற்றவர்கள் 1819 வாக்கில் வந்து குடியேறிய நிலங்கள் உண்டு. அவர்களின் மரவீடுகள் மழையிலும் கரையானிலும் போய்விட்டன. பார்க்கரின் வீடே 1990களின் பிற்பகுதியில்தான் மீட்புப் பணிக்கு ஆட்களைக் கண்டது. கட்டிடம் நிற்கிற இடத்தை மட்டும் பதிவு செய்தால் பாதி வரலாறு விட்டுப்போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தேசியப் பூங்காத் துறையின் கீழ் 1998 சட்டத்தால் தொடங்கிய, இப்படி உதவிய இடங்களுக்கான 'விடுதலை வலைப்பின்னல்' (Network to Freedom) பட்டியலில், கட்டிடம் அழிந்த இடத்தையும் சான்று இருந்தால் சேர்க்கிறார்கள். நாடு முழுக்க 700க்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் உண்டு. எங்கள் வரைவைப் படித்து, வரிக்கு வரி "இதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று ஓரத்தில் எழுதி அனுப்பிய அதிகாரிக்கும் நன்றி. படித்த அன்று மலைப்பாக இருந்தது. இன்று அந்தக் கேள்விகள்தான் தொகுப்பின் பலம்.

ஒரு வீட்டுக்கார அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் வீட்டு நிலவறையில் ஆற்றுவரை போகும் சுரங்கம் இருக்கிறது, அதில்தான் ஆட்களை ஒளித்தார்கள் என்பது மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் சொல்லி வரும் கதை. எங்களை உள்ளே விட்டு, விளக்குப் பிடித்து, அவரே காட்டினார். வளைந்த செங்கல் சுவர், உள்ளே பூசிய சுண்ணாம்பு, மேலே கூரைத் தண்ணீர் விழும் குழாய் வாய். அது மழைநீர்த் தொட்டி. வரிப் பதிவேட்டில் அந்த மனையின் மதிப்பு திடீரென்று உயர்வது 1868இல்; அதாவது வீடு எழும்பியதே அடிமைமுறை ஒழிந்த பிறகு. எப்படிச் சொல்வதென்று நாங்கள் தயங்கிக்கொண்டிருக்க, தாள்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அப்படியானால் எழுதுங்கள். இல்லாததை இருந்ததாகச் சொன்னால், நிஜமாகச் செய்தவர்களுக்குப் பழுது" என்றார். அதோடு, பரணில் கிடந்த பழைய பத்திரக் கட்டையும் எடுத்துக் கொடுத்தார். பக்கத்து நிலத்தின் எல்லையை ஐயா சரிபார்க்க உதவியது அந்தக் கட்டுதான். அம்மா, அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்!

மறுத்தவர்களும் உண்டு. தங்கள் முன்னோர் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று ஒரு குடும்பம் சொன்னது. காரணம் சொன்னார்கள், நியாயமாகவே இருந்தது. அதுவரை காட்டியதற்கு அவர்களுக்கும் நன்றி.

அப்புறம் நம்ம பிள்ளைகள். பழைய சாய்வெழுத்தை நாங்கள் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி விடுமுறையில் வந்த தம்பி தங்கைகள் எழுத்தெழுத்தாக ஒரு மாதிரித் தாள் தயாரித்துக்கொண்டு விறுவிறுவென்று படியெடுத்துக் கொடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் தேய்ந்துபோன கற்களைப் படமெடுத்த அக்கா, சுண்ணாம்போ நுரையோ தடவக் கூடாது, கல் கெட்டுவிடும் என்று தெளிவாக இருந்தார். நிலைக்கண்ணாடி ஒன்றைத் தூக்கி வந்து, வெயிலைப் பக்கவாட்டில் கல்மேல் சாய்த்து விழவைத்தார். வெறும் கல்லாக நின்றதில் எழுத்து எழும்பி வந்தது. பெயர், வயது, பிறந்த இடம் வர்ஜீனியா. கணக்கெடுப்பில் நாங்கள் தேடிக்கொண்டிருந்த பெண்மணி அவர்தான். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்த சின்னப் பையன் கை வலிக்கிறது என்று கூடச் சொல்லவில்லை. வண்டி ஓட்டியவர்கள், புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக் கொடுத்தவர்கள், குளிரில் ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்த மாமி, எல்லோருக்கும் எங்கள் குழுவின் அன்பு.

தொகுப்பின் நகல்கள் நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அறையிலும் தேவாலயத்திலும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அடுத்து ரெட் ஓக்கிலிருந்து சார்டினியா என்ற ஊர் வரை போன வழியை எடுக்கிறோம். அங்கேதான் ஜான் மேகன் என்பவர் இருந்தார். ஆட்களைத் தப்பவைத்தார் என்று 1838இல் அவரைக் கென்டக்கிக்குக் கொண்டுபோய்ச் சிறையில் அடைத்து விசாரித்தார்கள். கடைசியில் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பானது. அந்தப் பக்கத்தில் யார் வீட்டிலாவது பழைய குடும்ப பைபிள், கடிதம், கணக்கு நோட்டு, பத்திரம் எது இருந்தாலும் சொல்லுங்கள். நாங்களே வீட்டுக்கு வந்து படமெடுத்துக்கொள்கிறோம். பொருள் உங்களிடமே இருக்கும்.

மிக்க நன்றியுடன்,
ஆவணக் குழுவின் சார்பில்