அல்டடீனா குதிரைக்காரங்க சார்பா வாலண்டியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ட்ரெய்லர் ஓட்டிட்டு வந்தவங்களுக்கும், பர்பேங்க்ல லாயம் லாயமா குதிரை லத்தி அள்ளினவங்களுக்கும், பேரு கூட சொல்லாம போனவங்களுக்கும் வணக்கம்.

உங்கள்ல முக்கால்வாசி பேருக்கு தமிழ் படிக்க வராதுன்னு எனக்கு தெரியும். இங்கிலீஷ்ல நன்றி கார்டு எல்லாம் அனுப்பியாச்சு, ஆனா அதுல நான் சொல்ல நினைச்சதுல பாதி கூட வரல, அதான் எனக்கு வர்ற மொழியில உட்கார்ந்து எழுதுறேன். என் பொண்ணு இதை உங்களுக்கு படிச்சு சொல்லுவா. நம்ம ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கும் இங்க என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் தெரியட்டும், ஏன்னா லாஸ் ஏஞ்சலஸ் தீன்னா டிவில ஹாலிவுட் காரங்க வீடு எரிஞ்சதை தான் அதிகம் காட்டினாங்க, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல மலையடிவாரத்துல இருக்குற எங்க அல்டடீனாவுல வீட்டுக்கு பின்னாடி குதிரை, ஆடு, கோழி வெச்சிருந்த சாதாரண ஜனங்களை யாரும் பெருசா காட்டல.

2025 ஜனவரி 7. காலையிலேயே கடற்கரை ஓரத்துல பாலிசேட்ஸ் பக்கம் தீ பிடிச்சிருச்சு, நாங்க அது தூரத்துல தானேன்னு இருந்தோம். சாயங்காலம் ஆறேகால் இருக்கும், எங்க ஊருக்கு கிழக்கால மலையில ஈட்டன் கேன்யன் பக்கம் பிடிச்சுச்சு. அன்னைக்கு அடிச்ச சாண்டா ஆனா காத்து சாதாரண காத்து இல்ல, பாலைவனத்துல இருந்து மலையை தாண்டி இறங்குற வறண்ட காத்து, மணிக்கு 80 மைலுக்கு மேல, தண்ணி ஊத்துற விமானம் ஹெலிகாப்டர் எதையும் மேல அனுப்ப முடியல. எங்க லாயம் மேற்கு பக்கம், லிங்கன் அவென்யூ தாண்டி. கிழக்கால மலை பூரா செவப்பா தெரியுது, கரண்ட் இல்ல, போன் சிக்னல் வருது போகுது, ஆனா எங்க பக்கத்துக்கு கிளம்புங்கன்னு ஒரு மெசேஜும் இல்ல.

எங்ககிட்ட இருந்தது பதினோரு குதிரை. ட்ரெய்லர் ஒண்ணே ஒண்ணு, அதுலயும் ரெண்டு குதிரை தான் ஏறும். பர்பேங்க்ல இருக்குற எக்வெஸ்ட்ரியன் சென்டர்ங்குற பெரிய குதிரை மையத்துல இடம் குடுக்குறாங்கன்னு தெரிஞ்சுது, ஆனா ஒரு ட்ரிப் போய் இறக்கிட்டு திரும்பி வர்றதுக்கு அன்னைக்கு இருந்த ட்ராஃபிக்ல ஒன்றரை மணி நேரம். கணக்கு போட்டு பார்த்தா விடிஞ்சிரும். 2017 டிசம்பர்ல சான் டியேகோ பக்கம் லிலாக் தீ வந்தப்ப சான் லூயிஸ் ரே டவுன்ஸ்ங்குற பயிற்சி மையத்துல 46 பந்தயக் குதிரைங்க செத்துப் போச்சு, காப்பாத்தணும்னு கதவை திறந்து ஓட விட்டும் அவ்வளவு சாவு. குதிரை வெச்சிருக்குற யாருக்கும் இந்த ஊர்ல அது மறக்காது. பயந்து போன குதிரை தனக்கு தெரிஞ்ச லாயத்துக்கே திரும்பி ஓடும், அது எரிஞ்சுட்டு இருந்தாலும் ஓடும். கட்டையும் அவுத்து விட முடியாது, கூட்டிட்டு போகவும் வண்டி இல்ல, அந்த நேரத்துல என் பொண்ணு என் கையை பிடிச்சுட்டு நின்னா, நான் அவகிட்ட என்ன சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் வரல.

குதிரைக்காரங்க குரூப்ல ஒரே ஒரு மெசேஜ் போட்டோம். பதினோரு குதிரை, அட்ரஸ், அவ்வளவு தான்.

முதல்ல ஒரு பிக்கப் வந்துச்சு, பின்னாடி மூணு குதிரை ஏறுற ட்ரெய்லர். ஓட்டிட்டு வந்தவர் இறங்கினதும் கேட்டது "எது முதல்ல?" அப்படின்னு தான், நீங்க யாரு எவருன்னு எல்லாம் கேக்கல. அப்புறம் நடுராத்திரி தாண்டி நார்கோவுல இருந்து ஒரு அம்மா. நார்கோன்னா இங்க இருந்து அம்பது மைலுக்கு கிட்ட, குதிரைக்குன்னே பேர் போன ஊர், ஹார்ஸ்டவுன்னு தான் அந்த ஊரை சொல்லுவாங்க. வயசு அறுபதுக்கு மேல இருக்கும், தனியா, நாலு குதிரை ஏறுற பெரிய ட்ரெய்லரை அந்த காத்துல ஓட்டிட்டு வந்திருக்காங்க. பெரிய லாரியே சாஞ்சு போற காத்து அது.

அம்மா, உங்களுக்கு தான் இந்த பகுதி.

மூணு குதிரை ஏறிருச்சு. நாலாவது எங்க மிளகு. அவ பேரு பெப்பர், நான் மிளகுன்னு கூப்பிடுவேன், வயசு பத்தொன்பது, ட்ரெய்லர்னாலே ஆகாது. பகல்லயே அவளை ஏத்த அரைமணி நேரம் ஆகும். அன்னைக்கு காத்துல தீப்பொறி பறந்து வருது, வேலியில விழுந்ததை ஒருத்தர் மண்வெட்டியால அடிச்சு அணைக்கிறார், இவ நாலு காலையும் ஊன்றிட்டு பின்னாடியே போறா, கண்ணு வெள்ளை தெரியுது. நான் கத்தினேன். பின்னாடி இருந்து தள்ளலாம்னு ரெண்டு பேர் வந்தாங்க. நீங்க கையை மட்டும் காட்டி எல்லாரையும் நிறுத்தினீங்க. முதல்ல வண்டியை கொஞ்சம் திருப்பினீங்க, காத்து நேரா உள்ள அடிக்காத மாதிரி. உள்ள லைட்டை போட்டீங்க, இருட்டு பொந்துக்குள்ள எந்த குதிரை தான் போகும். அப்புறம் உங்க சிவப்பு கயிறை அவ தலைக்கயிறுல மாட்டி, அவ கழுத்துல உள்ளங்கையை வெச்சுட்டு சும்மா நின்னீங்க. இழுக்கல. பேசல. ஒரு அடி முன்னாடி, நின்னு, திரும்ப ஒரு அடி. என் போன்ல பார்த்தேன், இருபத்திரெண்டு நிமிஷம். அந்த இருபத்திரெண்டு நிமிஷத்துல உங்களுக்கு ஏற்கனவே மூணு குதிரை ஏறியாச்சு, கிளம்புறேன்னு சொல்லியிருந்தா யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டோம். உங்க குதிரை கூட இல்ல அது.

அவ பெருமூச்சு ஒண்ணு விட்டா, தலையை தாழ்த்தினா, ஏறிட்டா.

எங்க தாத்தா பழனியில குதிரை வண்டி ஓட்டினவர். பஸ் ஸ்டாண்டுல இருந்து அடிவாரத்துக்கு பக்தர்களை ஏத்திட்டு போவார், சவுக்கு கையில இருக்கும், ஆனா அடிச்சு நான் பார்த்ததில்ல. குதிரை அடம் பிடிச்சா பக்கத்துல போய் கழுத்துல கை வெச்சுட்டு நிப்பார், "அதுக்கு பயம் கண்ணு, கோவம் இல்ல" அப்படின்னு சொல்லுவார். அந்த ராத்திரி நீங்க நின்ன மாதிரியே தான் அவரும் நிப்பார். இதை அன்னைக்கே உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு, தொண்டை அடைச்சுருச்சு.

நாங்க பர்பேங்க் போய் சேர்ந்து மிளகை இறக்குறப்ப தான் எங்க பக்கம் வெளியேறச் சொல்லி போன்ல மெசேஜ் வந்துச்சு, விடிகாலை மூணரை மணி சுமாருக்கு. விடியறதுக்குள்ள எங்க லாயம் இல்ல. அந்த மெசேஜை நம்பி உட்கார்ந்திருந்தா பதினோரு குதிரையும் இல்ல, நாங்களும் இருந்திருப்போமான்னு தெரியாது. இந்த ஈட்டன் தீயில 9,400க்கு மேல கட்டடங்க போச்சு, 19 பேர் செத்தாங்க, அதுல பெரும்பாலும் எங்க மேற்கு பக்கத்து ஆளுங்க, வயசானவங்க. அதைப் பத்தி கேக்க வேண்டிய கேள்வியை கேக்க வேண்டிய இடத்துல கேட்டுட்டு தான் இருக்கோம், இந்த மடல்ல அது வேண்டாம்.

பர்பேங்க்ல அந்த நேரத்துல ட்ரெய்லர் வரிசை ரோட்டு வரைக்கும் நிக்குது. வாசல்லயே சின்ன சின்ன பசங்க, என் பொண்ணு வயசு தான் இருக்கும், கையில அட்டையும் மார்க்கரும். ஒவ்வொரு குதிரையா நிறுத்தி குளம்புல சொந்தக்காரர் போன் நம்பரை எழுதுறாங்க, தலைக்கயிறுல டேப் ஒட்டி பேரை எழுதுறாங்க. குளம்புல ஏன் எழுதணும்னு எனக்கே அன்னைக்கு தான் புரிஞ்சுது, கயிறு அவுந்து போனாலும் குளம்பு கூடவே இருக்கும்ல. அந்த ராத்திரி வந்த குதிரைங்கள்ல எத்தனையோ சொந்தக்காரர் யாருன்னே தெரியாம வந்துச்சு, ரோட்டுல திரிஞ்சதை யாரோ பிடிச்சு ஏத்தி விட்டது. அதுங்களுக்கும் இடம், தண்ணி, காய்ஞ்ச புல்லு.

இதுவரைக்கும் சொன்னதை நியூஸ்ல கூட கொஞ்சம் காட்டினாங்க. நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதுக்கு அப்புறம் நடந்ததுக்காக தான்.

கேமரா எல்லாம் நாலஞ்சு நாள்ல போயிருச்சு. குதிரைங்க போகல, போக இடம் இல்ல. ஒரு குதிரை ஒரு நாளைக்கு எட்டு பத்து கிலோ புல்லு தின்னும், முப்பது லிட்டருக்கு மேல தண்ணி குடிக்கும், இருபது கிலோவுக்கு குறையாம லத்தி போடும். அங்க இருந்தது நூத்துக்கணக்குல குதிரை. தினமும் அதை அள்ளணும், இல்லன்னா குளம்பு அழுகிரும், ஈ மொய்க்கும். அதை அள்ளினது நீங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு யூனிஃபார்மோட நேரா வந்து எங்க வரிசையில பத்து லாயம் அள்ளிட்டு தூங்க போனவர் ஒருத்தர் இருந்தார், ரெண்டு வாரம் விடாம வந்தார், பேரு கேட்டா சிரிச்சுட்டு தள்ளுவண்டியை தள்ளிட்டு போயிருவார்.

குதிரைக்கு வயித்து வலி வந்தா அது சும்மா இல்ல, அதால வாந்தி எடுக்க முடியாது, உயிரே போயிரும். தீவனத்தை திடீர்னு மாத்தினா, பயந்தா, தண்ணி குறைச்சு குடிச்சா வரும், அங்க இருந்த ஒவ்வொண்ணுக்கும் இந்த மூணும் நடந்திருந்துச்சு. உங்கள்ல ஒருத்தங்க ஒவ்வொரு லாயக் கதவுலயும் ஒரு பேப்பர் ஒட்டினீங்க, இது என்ன தின்னும், எது ஆகாது, கடைசியா எப்ப லத்தி போட்டுச்சு, எவ்வளவு தண்ணி குடிச்சுதுன்னு. மிளகு கதவுல "அல்ஃபால்ஃபா ஒரு பிடி மட்டும்" அப்படின்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருந்துச்சு. அல்ஃபால்ஃபாங்கறது நம்ம ஊர்ல குதிரை மசால்னு சொல்லுவோமே அதே தான். அந்த பேப்பரை இன்னும் வெச்சிருக்கேன், ஓரத்துல காபி கறை இருக்கு, விடிகாலை ரெண்டு மணி, நாலு மணின்னு டைம் போட்டு கையெழுத்து இருக்கு. நாங்க மோட்டல்ல தூங்குறப்ப யாரோ ஒருத்தங்க டார்ச் அடிச்சு எங்க குதிரை லத்தி போட்டுச்சான்னு பார்த்திருக்கீங்க.

புகை சுவாசிச்ச குதிரையை நாலு முதல் ஆறு வாரம் ஓட்டக்கூடாது, புல்லை நனைச்சு தான் போடணும்னு டாக்டருங்க சொன்னாங்க. ஓட்டலன்னாலும் மெதுவா நடக்க வைக்கணுமே, அதுக்கும் ஆள் வேணும். மாஸ்க் போட்டுட்டு நீங்க தான் நடத்தினீங்க, சொந்தக்காரங்க இன்சூரன்ஸ் ஆபீஸ்லயும் வாடகை வீட்டு வரிசையிலயும் நின்னுட்டு இருந்தப்ப.

நம்ம தமிழ் ஆளுங்களும் சில பேர் வந்தீங்க. குதிரை பக்கத்துல போகவே பயந்துட்டு, ஆனா திரும்பிப் போகாம, தண்ணி வாளி தூக்குறேன் அதை குடுங்கன்னு நின்னீங்க. பெரிய அடுக்குல சாம்பார் சாதம் கொண்டு வந்தீங்க, குதிரைங்களை பார்த்துக்கிற மெக்சிக்கோ அண்ணன்மாருங்க தான் அதுல பாதியை காலி பண்ணாங்க, காரம் கம்மின்னு சொன்னாங்க. அந்த அண்ணன்மாரை தனியா சொல்லணும். நீங்க வாலண்டியர் லிஸ்ட்ல இல்ல, சம்பளத்துக்கு வேலை பார்க்குறவங்க தானேன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. ஆனா உங்கள்ல ரெண்டு பேருக்கு அந்த ராத்திரி தங்கியிருந்த வீடே போயிருச்சுன்னு எங்களுக்கு மூணாவது நாள் தான் தெரியும், அதுவும் வேற ஆள் சொல்லி. மத்தவங்க குதிரைக்கு தண்ணி காட்டிட்டு இருந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லல. மன்னிச்சுக்கோங்க, நாங்க முதல் நாளே கேட்டிருக்கணும்.

பியர்ஸ் காலேஜ்ல பாலிசேட்ஸ் பக்கத்து குதிரைங்களை பார்த்துக்கிட்டவங்க, சான்டா அனிடா ரேஸ் மைதானத்துல வீடு இழந்தவங்களுக்கு துணி, சாமான் பிரிச்சு குடுத்தவங்க, உங்களை எல்லாம் நேர்ல பார்க்கல, ஆனா உங்க கையால வந்த போர்வை ஒண்ணுல தான் என் பொண்ணு ஒரு மாசம் தூங்கினா.

இப்ப நாங்க ஷேடோ ஹில்ஸ் பக்கம் ஒரு லாயத்துல இருக்கோம். பதினொண்ணுல பத்து நல்லா இருக்கு. வயசான ஒரு போனி, குட்டை ரக குதிரை, அது மட்டும் மார்ச்ல போயிருச்சு, நுரையீரல் ஏற்கனவே சரியில்ல, புகை தாங்கல. கடைசி நாள் அதுக்கு பக்கத்துல உட்கார்ந்திருந்ததும் பர்பேங்க்ல அதை பார்த்துக்கிட்ட ஒரு சின்ன பொண்ணு தான், ஸ்கூல் லீவு போட்டுட்டு வந்தாம்மா அவ.

நார்கோ அம்மா, உங்க சிவப்பு கயிறு எங்ககிட்டயே இருக்கு. அன்னைக்கு அவசரத்துல மிளகு கழுத்தோட வந்துருச்சு, உங்க நம்பரும் வாங்கல. கழுவி, காய வெச்சு, அவ லாயத்து கதவுல மாட்டியிருக்கோம். மாசம் ஒரு தடவை அதே கயிறு மாட்டி அவளை ட்ரெய்லர்ல ஏத்தி இறக்கி பழக்குறோம், நீங்க செஞ்ச மாதிரி, லைட்டை போட்டு, ஒரு அடி, நின்னு, திரும்ப ஒரு அடி. போன வாரம் நாலு நிமிஷத்துல ஏறிட்டா. வந்து பாருங்க.

அன்போட,
மிளகு வீட்டுக்காரங்க, அந்த பதினோரு குதிரையோட எல்லா குடும்பமும்